மாறுவது மதமா, மனிதனா?

மதக் கட்டளைகள் காலத்துக்குத் தக்கபடி மாறலாமா, கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். மாறவே கூடாது என்னும் வைதீகர்களையும், கொஞ்சம் மாறினால் போதும் என்னும் சீர்திருத்தக்காரர்களையும் நாம் ஒன்று கேட்கிறோம். இதுவரை எந்த மதக் கட்டளையாவது தானாக மாறியதுண்டா?

குழந்தை மணத்தையே எடுத்துக் கொள்வோம். பெண் ருதுவாகுமுன் கட்டிக் கொடுக்காத தகப்பன் நரகத்துக்குப் போவான் என்று சாஸ்திரத்தில் எழுதி வைத்தார்கள். தகப்பன் நரகத்துக்குத் தப்பினான். பெண் சுடுகாட்டுக்குப் போனாள். ஒரு சமயம் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் பத்துப் பதினோரு வயதுக் குழந்தை, கட்டிய புருஷனின் பலாத்காரத்தால் மாண்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட மனைவியை அன்றைய சட்டம் காக்கவில்லையாதலால், அவனுக்குக் கிடைத்தது ஒரு வருஷக் கடுங்காவல்தான். பிறகு 1891-ல் சர்க்கார் அந்த 10 வயதை 12 ஆக்கியது. அதற்கே கர்ப்பாதானச் சடங்கு கெட்டது, மதம் போயிற்று என்று கூச்சலிட்டார்கள். திலகரும் எதிர்த்தார். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 ஆக்கியது. மறுபடியும் அதே கூச்சல். 1978-ல் அது 18 ஆயிற்று. மதம் போய்விட்டதா? மடமும் இருக்கிறது, மடத்தின் வருமானமும் இருக்கிறது!

இன்றோ, எங்கள் மதம் பெண்ணைத் தெய்வமாக வைத்தது என்று மேடையில் பேசுகிறார்கள். மாடு இழுக்க, வண்டிக்கடியில் நடந்த நாய், தானே வண்டியை இழுத்ததாக நினைத்துக் கொண்டதாம். அந்தக் கதைதான் இது.

நிற்க. மாறவே மாறாது என்பதாவது வாஸ்தவமா? கோவிலுக்குள் மின்சார விளக்கு வந்தது, ஒலிபெருக்கி வந்தது. ஆகமம் தூங்கிக் கொண்டிருந்தது. பரம்பரை அர்ச்சகர் பாத்தியதையை ஒழிக்க 1970-ல் சட்டம் வந்தவுடன் ஆகமம் விழித்துக் கொண்டது! 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது; ஆனால் ஆகமப்படி இன்னார்தான் விக்கிரகத்தைத் தொடலாம் என்னும் முட்டுக்கட்டையை எடுக்கவில்லை. பல ஜாதிகளையும் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேருக்கு அர்ச்சகர் வேலை கொடுக்க 2021 வரை ஆயிற்று. லாபம் வந்தால் வழிவிடுவதும், மனிதனுக்கு மனிதன் சமம் என்றால் மறிப்பதுமான ஒன்றுக்குத் தெய்வ வாக்கு என்று பெயரா?

ஆகவே சீர்திருத்தக்காரர்களுக்கும் சொல்லுகிறோம். இந்தக் கட்டளை நல்லது, இது கெட்டது என்று பொறுக்கி எடுக்கிறீர்களே, எதைக் கொண்டு பொறுக்குகிறீர்கள்? உங்கள் அறிவைக் கொண்டுதானே? சாஸ்திரத்தை அளக்கும் கோல் உங்கள் கையில் இருக்கும்போது, அந்தச் சாஸ்திரத்தின் அனுமதிக்கு ஏன் கைகட்டிக் காத்திருக்க வேண்டும்? அப்படிக் காத்திருந்த வருஷங்களில் செத்தவர்கள் குழந்தைகள், சாஸ்திரம் அல்ல.

மதம் மாறட்டும், மாறாமல் கிடக்கட்டும். அது மதக்காரர் கவலை. நியாயம் என்று அறிவுக்குப் பட்டதை இன்றே செய்வதுதான் மானமுள்ள மனிதன் வேலை.