நேர்முகத்தில் நம் பிள்ளைகளும் கேட்கட்டும்!

வாழப்பாடி வட்டாரத்தில் சேகோ ஆலையிலும் பாக்குத் தோப்பிலும் உழைத்து நாம் படிக்கவைத்த பிள்ளைகள், பெங்களூர் 'ஸ்டார்ட்-அப்' கம்பெனிகளின் நேர்முகத்துக்குப் போகிறார்கள். உத்தியோகத்தின் பெயர் 'பிசினஸ் டெவலப்மெண்ட்'. பெயர் என்னவோ பெரிதுதான்! வேலையோ, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுச் சரக்கை விற்பது.

'பைஜூஸ்' கம்பெனி பெற்றோரிடம் பாடம் விற்க இப்படித்தான் ஆள் எடுத்தது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 2,500 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார்கள். 2024 ஜூலையில் கம்பெனியே திவால் வழக்கில் சிக்கிற்று.

வேகமாக வளர்கிறோம் என்று மார்தட்டும் முதலாளியிடம் நம் பிள்ளைகள் கேட்கட்டும்: நிலையான சம்பளம் எவ்வளவு? இலக்குத் தவறினால் பிடித்தம் உண்டா? வேலை எத்தனை மணி நேரம்? நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம்? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல், நியமன உத்தரவில் எழுதி வாங்கட்டும்.