இராகலை ஏற்றத்துக்கு எத்தனை குதிரை வேண்டும்?

ஏப்ரல் பிறந்தால் கொழும்பு வாகனங்கள் நுவரெலியாவுக்கு ஏறும். சீசன் கூட்டத்தில் ஒரு பங்கு கந்தப்பளை, இராகலை தாண்டி உடப்புசல்லாவைக்கும் வந்துவிடும். சைலன்சர் மாற்றிய காரின் உறுமல், கார் வளைவில் தலைகாட்டும் முன்பே லயத்துக்குக் கேட்கும். இவ்வளவு வலு இந்த ரோட்டில் எதற்கு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆட்களோடு 1,300 கிலோ வரும் கார், 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏற, சக்கரத்தில் வேண்டியது ஏறத்தாழ 14 குதிரைவலு. ஜப்பானின் 660 சீசீ கார்களுக்கு உச்சவரம்பு 64. நம் ஊரில் ஓடும் பல வெகன்ஆர்கள் அந்த ரகம்தான். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்தாலும் மிச்சம் தாராளம்.

கூடுதல் வலு தரையில் இறங்குவதும் இல்லை. மழையில் நனைந்த ரோட்டில், முன்சக்கர இழுவைக் கார் அந்த வேகத்தில் பயன்படுத்தக்கூடியது சுமார் 50 குதிரைவலு. அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் வெறுமனே சுழலும். புதிய கார்களில் கணினி அதை அடக்கிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய வலுவைக் கட்டிப்போட, காசு கொடுத்தே வாங்கிய இன்னொரு கருவி!

முந்திச் செல்ல வலு உதவும் என்பார்கள். நேர்ச்சாலையில் உண்மை. இங்கே முந்தத் தடையாக இருப்பது எஞ்சினல்ல, எதிரே வருவது தெரியாததுதான். இரண்டு வளைவுக்கு நடுவே சின்னக் கார் 40ஐத் தொடும் இடத்தில் பெரிய எஞ்சின் 60ஐத் தொட்டுவிடும். அடுத்த வளைவில் அந்த வேகத்தைக் கரைக்க, பிரேக் குறைந்தது இரண்டேகால் மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு இதுவே நடந்தால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் பஞ்சுபோல் இறங்கும்.

மலையில் ஆளைக் கொல்வது ஏற்றமல்ல, இறக்கம். 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிவந்த பஸ் மோதி, வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்த ஏழு பேர் மாண்டார்கள். அது வேகக் கார் சம்பவமல்ல. ஆனால் நிறுத்த முடியாத வண்டி என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேகப் பிரியர்களுக்கு இடமில்லாமல் இல்லை. 1934 முதல் நடந்துவரும் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம், போக்குவரத்தை மூடிய பாதையில் நடப்பது. அப்படிப்பட்ட ஏற்பாட்டிலும் ஆபத்து முழுதாக ஒழிவதில்லை: 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில்லில் பந்தயக் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு உயிர்கள் போயின.

பெற்றோல் காரின் வலுவை அரசின் வரி விதியும் கவனிக்கவில்லை. பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி சீசீ அளவில். மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற்றில். சின்ன எஞ்சினில் டர்போ பூட்டினால் வரி ஏறாமலே வலு ஏறிவிடும். பெற்றோல் காருக்கும் வலுவைப் பார்த்தே வரி போட வேண்டும்.

சீசனுக்கு வருகிறவர்களே, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோ கியர் என்றால் ‘எல்’லில் போடுங்கள். காலையில் பிரட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அந்த ரோட்டோரத்தில்தான் நடக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் நடைபாதை கிடையாது. ஒதுங்கினால் கானுக்குள்தான் இறங்க வேண்டும்.