உங்கள் பனியனை யார் துவைக்கிறார்கள்?

மே மாதம் வந்தால் டி.வி. செய்தியில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். வெயில் சதமடித்த ஊர்கள். வேலூர், மதுரை, திருச்சி என்று போகும் அந்தப் பட்டியலில் அநேகமாகத் திருத்தணியும் இருக்கும். 100 டிகிரி பாரன்ஹீட் எல்லாம் அந்த ஊருக்குச் சாதாரணம். முருகன் மலைமேல் போய் உட்கார்ந்ததே கொஞ்சம் காற்று வாங்கத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு மே மாத மத்தியானம், நண்பர் வீட்டுக் கொல்லைப்புறக் கொடியில் ஒரு தெர்மல் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. பனிப்பிரதேசத்தில் சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்வார்களே, அந்த முழுக்கை பனியன். பக்கத்திலேயே அதற்கு ஜோடியான கால்சராய். இரண்டும் ஆட்டுரோமத்தில் பின்னியவை. பத்து வயதுப் பையனுக்குத்தான் சரியாக இருக்கும் போலிருந்தது.

"உங்க வீட்ல சின்னப் பசங்க யாருமில்லையே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வீட்டில் அன்றைக்கு அதுதான் சண்டை.

நண்பரின் மகன் கனடாவில் படிக்கிறான். அக்கா கல்யாணத்துக்காக வந்திருந்தான். ஒரு பை நிறைய அழுக்குத் துணியோடு வந்திருந்தான். பையை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஃபோனும் கையுமாகக் கட்டிலில் சாய்ந்துவிட்டான். அந்த அம்மா எல்லாத் துணியையும் எப்படித் துவைப்பாரோ அப்படியே இதையும் துவைத்தார். சுடுதண்ணீரில் சோப்புப் பவுடர் போட்டு ஊறவைத்து, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, சுள்ளென்ற வெயிலில் போட்டார். இருபத்தெட்டு வயதுக்காரனின் பனியன் பத்து வயதுப் பையனுக்கு ஆகிவிட்டது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? அது எவ்ளோ விலை தெரியுமா? லேபிள்ல போட்டிருக்கில்ல?" என்று பையன் கத்தினான்.

லேபிளைப் பார்த்தேன். போட்டிருந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆந்திர எல்லையில் பிறந்து வளர்ந்தவர், தெலுங்கும் சரளமாகப் படிப்பார். இரண்டு மொழி தெரிந்தவரைப் பார்த்து "உனக்கு ஒண்ணுமே தெரியாது" என்கிறான் பையன். அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "அவளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் இப்பிடித்தான்" என்று ஒத்து ஊதினார்.

நான் பையனைக் கேட்டேன். "ஏன் தம்பி, கனடாவுல இதை யாரு துவைக்கிறாங்க?"

"நான்தான் அங்கிள்."

"எப்படி?"

"பச்சைத் தண்ணில தனியா போடுவேன். டிரையர்ல போட மாட்டேன். போட்டா சுருங்கிடும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது! அதை அம்மாவிடம் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கனடாவில் தன் துணியைத் தானே துவைக்கிற கை, மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதும் ஏன் செயலிழந்து போகிறது?

இந்த வாரம் நான் உங்களிடம் கேட்க நினைப்பது இதைத்தான்.

சரி, முதலில் தெர்மலை எப்படித் துவைப்பது என்று பார்த்துவிடலாம். அடுத்த ஐந்து பாராக்களை ஆண்கள் மட்டும் படிக்கவும். பெண்கள் தாண்டிப் போய்விடுவது நல்லது. படித்துவிட்டால் அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

தெர்மல் தானாகச் சூடு தருவதில்லை. அதன் பின்னலில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வியர்வையை உறிஞ்சி வெளிப்பக்கம் தள்ளுவது அதன் இரண்டாவது வேலை. உடம்பின் எண்ணெய்ப் பசை, உப்பு, செத்த தோல் எல்லாம் அதில் அடைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் கெடும். நாற்றம் உபரி. பாலியெஸ்டர் தெர்மல் என்றால் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். வியர்த்துப் போட்ட அன்றே துவைத்துவிட வேண்டும். மெரினோ ரோமம் அவ்வளவு சீக்கிரம் நாறாது. காற்றாடப் போட்டு இரண்டு மூன்று முறை உடுத்தலாம்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். அழுக்கு உள்ளேதான் இருக்கிறது. தண்ணீர் பச்சையாக இருக்கட்டும். மிஞ்சிப் போனால் 30 டிகிரி செல்சியஸ். திருத்தணி மாதிரி ஊரில் வெயில் காலத்தில் மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே சுடும். ஆகவே காலையில் துவைப்பது உத்தமம். காரம் குறைந்த சோப்பு கொஞ்சம் போதும். ரோமத்துக்கு என்சைம் கலந்த பவுடர் ஆகாது. ரோமம் ஒரு புரதம். புரதக் கறையைத் தின்கிற என்சைம் ரோமத்தையும் தின்னும். பிளீச்சிங் கூடவே கூடாது. வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற கண்டிஷனரும் வேண்டாம். அது இழை மேல் படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் ஒரு தடவை அலசுங்கள்.

பிரஷ் போடாதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள், முறுக்காதீர்கள். ரோம இழையின் மேல், ஓடு வேய்ந்த கூரை மாதிரி அடுக்கடுக்காகச் செதில் உண்டு. சூடும் ஈரமும் அடியும் சேர்ந்தால் ஓர் இழையின் செதில் அடுத்த இழையில் மாட்டிக்கொண்டு துணி இறுகிவிடும். இறுகினது இறுகினதுதான். திருத்தணி வீட்டில் நடந்தது இதுவே.

அலசியபின் ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும். நிழலில், தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே ரோமத் துணி நீண்டுவிடும். பாலியெஸ்டரை நிழலில் கொடியிலேயே போடலாம். இஸ்திரி தேவையில்லை. நன்றாகக் காய்ந்த பிறகே மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

லேபிள் படிக்க ஆங்கிலம்கூட வேண்டாம். 1963-ல் பாரிஸில் தொடங்கிய ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு உலகம் முழுக்கப் பரப்பிய படக் குறிகள் ஐந்தே ஐந்து. தொட்டி என்றால் துவைப்பது. உள்ளே இருக்கும் எண், தண்ணீரின் சூடு. தொட்டியில் ஒரு கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணம் பிளீச்சிங். சதுரம் உலர்த்துவது. இஸ்திரிப் பெட்டி இஸ்திரி. வட்டம் சலவைக் கடைக்கு. எதன் மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ, அதைச் செய்யக் கூடாது. முடிந்தது பாடம். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி பாஸ் செய்த பையனுக்கு இது கஷ்டமா?

(இங்கே ஒரு இடைச்செருகல். என் அலமாரியில் இருந்த ஆறு பனியன்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றின் லேபிளிலும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. பனியன் என்றாலே திருப்பூர்தான். அங்கே பின்னி நம் ஊரிலேயே விற்கிற துணியில் இரண்டு வரி தமிழ் போட்டால் என்ன குறைந்துவிடும்?)

ஆண்களுக்கு இந்த வேலை வராது என்று சொல்பவர்களுக்கு ராணுவத்தைக் காட்டுகிறேன். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயர் வாங்கியது. அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாம் முகாமில் தன் துணியைத் தானே துவைத்து, தானே மடித்து வைத்தவர்கள்தான். 1984 ஏப்ரலில் இருந்து நம் ராணுவம் சியாச்சினில் இருக்கிறது. அங்கே குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்கள்தான் அதிகம். அந்த மாதிரி இடத்தில் உள்ளாடை ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது உயிர்ப் பிரச்னை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சொன்னார்: "வேர்வை ஈரத்தோட தூங்கினா காலைல எழுந்திருக்கறது சந்தேகம் சார். பாடி வார்மரைப் பொண்டாட்டி மாதிரி பார்த்துப்போம்."

"இப்ப உங்க துணியை யாரு சார் துவைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ரிட்டையர் ஆனப்புறம் எதுக்கு சார்? அவ பார்த்துக்கறா."

ஆக, ஆண்களுக்குத் துவைக்கத் தெரியும். ஹாஸ்டலில் துவைப்பார்கள். கனடாவில் துவைப்பார்கள். பனிமலையில்கூடத் துவைப்பார்கள். பக்கத்தில் ஒரு பெண் இல்லாத வரைக்கும்.

இது என் கற்பனையோ, ஒரு வீட்டுக் கதையோ இல்லை. மத்திய அரசே கணக்கெடுத்திருக்கிறது. 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையை ஒரு நாளில் செய்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அந்த வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289. பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். ஆணுக்கு 88 ஆகிவிட்டது. பெண்ணுக்கு மிச்சமான நேரத்தை ஆண் ஏற்றுக்கொண்டதாக நினைத்தால் அதுவும் இல்லை!

"இப்பத்தான் மெஷின் வந்துடுச்சே" என்பீர்கள். மெஷின் அழுக்குக் கூடையைத் தேடி வருமா? சாயம் போகிற துணியைத் தனியாக எடுத்து வைக்குமா? பாக்கெட்டில் நீங்கள் மறந்துவிட்ட பஸ் டிக்கெட்டை எடுக்குமா? காயப்போட்டு, மழை வந்தால் ஓடிப்போய் எடுத்து, மடித்து வைக்குமா?

"அம்மா ஆசையா செய்யறாங்க, தடுக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளைக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைப்பதை ஆசை என்று ஒத்துக்கொள்கிறேன். இருபத்தெட்டு வயது மகனின் உள்ளாடையைக் கசக்குவது எந்த அம்மாவின் ஆசை?

துணி துவைப்பதை இழிவான வேலை என்று முதலில் ஒரு சாதியின் தலையில் கட்டினோம். ஊரார் அழுக்கை வெளுத்தவருக்கு வீடு வீடாகப் போய் ஊர்ச்சோறு வாங்கும் நிலைமையைத்தான் கொடுத்தோம். ஒடுக்கப்பட்டவர்களிலும் ஒடுக்கப்பட்ட புதிரை வண்ணார்களுக்கு நல வாரியம் அமைக்கவே 2009 வரை ஆனது. அந்த ஏற்பாடு தளர்ந்த வீடுகளில் அழுக்கு மூட்டை எங்கே போனது? வீட்டுப் பெண்ணிடம். ஆண் கைக்கு மட்டும் வரவே இல்லை. கை மாறியதே தவிர, இது கேவலமான வேலை என்ற நினைப்பு மாறவில்லை.

அந்த நினைப்பை அந்தக் காலத்திலேயே உடைத்த ஒரு வக்கீல் இருந்தார். 1890-களில் டர்பனில், சலவைச் செலவு கட்டுப்படியாகாமல், துவைப்பது பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்துத் தானே துவைக்கத் தொடங்கினார். முதல் தடவை காலருக்குக் கஞ்சி அதிகமாகிவிட்டது. இஸ்திரிச் சூடும் போதவில்லை. அதையே போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். காலரில் இருந்து கஞ்சி உதிர, சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. தான் படித்ததை மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார். வக்கீலின் பெயர் மோகன்தாஸ் காந்தி. இதைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

நானும் யோக்கியன் இல்லை. ஹாஸ்டலில் துவைத்தேன். கல்யாணம் ஆன மறுநாள் நிறுத்தினேன். 2006-ல் தமிழ்நாடே சிக்குன்குனியாவில் முடங்கியபோது என் மனைவியும் விரல் மடக்க முடியாமல் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பக்கெட்டைத் தூக்கினேன். என் சட்டைக் காலரின் அழுக்கு எவ்வளவு முரடு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு என் துணியை நான்தான் துவைக்கிறேன். இதற்குப் பாராட்டு எதுவும் வேண்டாம். அத்தனை வருஷம் துவைக்காததற்கு யாரும் என்னைத் திட்டவில்லையே!

திருத்தணி தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று ம.பொ.சி. போராடினார். 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லைக்கோடு மாறி, அந்த ஊர் இந்தப் பக்கம் வந்தது. ஒரு மாநிலத்தின் எல்லையையே மாற்ற முடிந்திருக்கிறது. வீட்டுக் கூடத்துக்கும் கொல்லைப்புறத் துவைக்கிற கல்லுக்கும் நடுவே இருக்கும் எல்லையை மட்டும் ஆண்களால் தாண்ட முடியவில்லை.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை வெளிநாட்டுக்கோ டெல்லிக்கோ அனுப்பும்போது பருப்புப்பொடி, ஊறுகாயோடு தெர்மலும் வாங்கி வைக்கிறீர்கள். அதை அவனையே ஒரு தடவை உங்கள் எதிரில் துவைக்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பி வரும்போது அழுக்குப் பையை நீட்டினால், சோப்பையும் வாளியையும் காட்டுங்கள். கோபித்துக்கொள்வான். சாப்பாட்டு நேரத்தில் சரியாகிவிடும்.

அன்று மாலை கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அதை மறுபடி பெரிசாக்க ஏதாவது வழி இருக்குங்களா?"

"இல்லம்மா. சுருங்கினது சுருங்கினதுதான்" என்றேன்.

"பாவம், புள்ளைக்கு அங்க குளிருமே" என்றார்.

பையன் ஃபோனில் இருந்து நிமிரவில்லை. இதைப் படிக்கும் நீங்களாவது நிமிர்ந்து, கொல்லைப்புறக் கொடியில் இப்போது காய்கிற உங்கள் பனியனை யார் துவைத்தார்கள் என்று பாருங்கள்.