கட்சி வேண்டாம், கதவு திறக்கட்டும்

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியின் அரசு நிலங்கள், நன்னீர், கனிமங்கள் ஆகியவற்றை நிர்வகிக்கும் பொறுப்பு, ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசிடமிருந்து இக்காலுயிட் நகரில் உள்ள உள்ளூர் அரசிடம் போகவிருக்கிறது. 2024 ஜனவரி 18 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இதற்கு 2027 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்திருக்கிறது. கனடாவின் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுனாவுட். அங்கே வாழ்வோர் 2021 கணக்கெடுப்பின்படி 37 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களில் பெரும்பான்மையினர் இனுயிட் மக்கள். பாஃபின் தீவில் இரும்பு, பெருநிலத்தில் தங்கம் என்று சுரங்கங்கள் ஏற்கெனவே இயங்கி வருகின்றன. அதிகாரமும் வருவாயும் சேர்ந்து வந்து இறங்கும் இடத்தில், கட்சி என்பதே இல்லாத ஒரு சட்டமன்றம் இருக்கிறது. இதற்கு மேலும் அது தாங்குமா, அங்கேயும் கட்சிகள் வரவேண்டாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. வரவேண்டாம் என்பதே நம் கருத்து. ஆனால் இன்றிருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டோம்.

நுனாவுட் சட்டமன்றத்தில் 22 இடங்கள். வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் பெயரை மட்டும் வைத்துத்தான் நிற்கவேண்டும். சின்னமும் இல்லை, கூட்டணியும் இல்லை. வென்றவர்கள் ஒன்றுகூடித் தமக்குள் சபாநாயகரையும் முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். யாருக்கு எந்தத் துறை என்பதை முதல்வர் முடிவுசெய்வார். அமைச்சராகாத உறுப்பினர்களின் எண்ணிக்கை அமைச்சரவையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அவர்கள் சேர்ந்தால் எந்த மசோதாவையும் நிறுத்தலாம், முதல்வரையும் இறக்கலாம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, கொறடா உத்தரவு எதுவும் அங்கே கிடையாது. வரவுசெலவுத் திட்டத்துக்குக்கூட நிதியமைச்சர் ஒவ்வோர் உறுப்பினரிடமும் பேசித்தான் ஆதரவு தேடவேண்டும். பக்கத்து வடமேற்கு ஆட்சிப்பகுதியும் இதே முறையில்தான் நடக்கிறது. கருத்தொருமை ஆட்சி என்று பெயர் இருந்தாலும், எல்லாரும் எப்போதும் ஒத்துப்போகிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வாக்கெடுப்பும் உண்டு, கடும் சண்டையும் உண்டு.

இந்த முறை யாருக்காக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தொகுதியைப் பார்த்தால் போதும். குட்டிக்டுக் என்பது நுனாவுட்டின் வடக்கே கடைசித் தொகுதி. ஆர்க்டிக் பே, ரெசொலூட், கிரைஸ் ஃபியோர்ட் என்று மூன்றே ஊர்கள். கிரைஸ் ஃபியோர்டில் 2021-இல் இருந்தவர்கள் 144 பேர். நுனாவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டுக்கும் இடையே சாலை கிடையாது. ஆள் போக விமானம். கனமான சரக்கு வரக் கோடையில் பனி உருகும் சில வாரங்களில் கப்பல். மின்சாரம் ஏறக்குறைய முழுக்க டீசல் இயந்திரத்தில் இருந்து. நிலம் உறைந்து கிடப்பதால் பல ஊர்களில் குடிநீர் லாரியில்தான் வீட்டுக்கு வருகிறது, கழிவுநீரும் லாரியில்தான் போகிறது. பெரிய சிகிச்சை என்றால் பாஃபின் பகுதிக்காரர் ஒட்டாவாவுக்கும், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரைக்காரர் வின்னிபெக்குக்கும் பறக்கவேண்டும்.

இப்படிப்பட்ட ஊரின் உறுப்பினர் அவையில் எழுந்தால் எதைப் பேசுவார்? லாரிக்கு உதிரிபாகம் வரவில்லை என்பார். நோயாளியோடு துணைக்குப் போகிறவரின் விமானச் செலவை ஏன் மறுத்தீர்கள் என்று கேட்பார். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழ்கிறதே, புது வீடுகள் எந்தக் கப்பலில் வருகின்றன என்பார். இடையே ஊரில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வாழ்த்தும் சொல்வார். உலக அரசியல் பேசிப் பழகிய அவைகளில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஊராட்சிக் கூட்டம்போலத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அரசு உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு அந்த லாரியைவிடச் சரியான சோதனை வேறென்ன இருக்கிறது?

தொலைவிலிருந்து தீர்மானிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் அந்தத் தொகுதிக்குத் தெரியும். 1953-லும் 1955-லும் கியூபெக்கின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி ரெசொலூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் கொண்டுபோய் இறக்கியது மத்திய அரசு. மாதக்கணக்கில் சூரியனே தெரியாத குளிர்காலத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. திரும்பிப் போகலாம் என்று கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. 2010 ஆகஸ்டில்தான் ஒட்டாவா மன்னிப்புக் கேட்டது. இனுயிட் மக்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை மீண்டது 1950-இல். வாக்குப்பெட்டி எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அன்று இந்த நிலமெல்லாம் வடமேற்கு ஆட்சிப்பகுதிக்குள் இருந்தது. அதன் நிர்வாகமே 1967 வரை ஒட்டாவாவில் உட்கார்ந்திருந்தது. அதன் மன்ற உறுப்பினர்கள் அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது 1975-இல்தான் முதல்முறை.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து அந்த மன்றத்துக்குள் வந்தவர் நெல்லி கோர்னோயே. மெக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள அக்லாவிக்கில் 1940-இல் பிறந்தவர், இனுவியாலுயிட் என்னும் இனுயிட் பிரிவைச் சேர்ந்த பெண். அரசியலுக்கு முன்பு இனுவிக் ஊரில் சிபிசி வானொலியில் அறிவிப்பாளராகவும் நிலைய மேலாளராகவும் இருந்தார். எண்ணெய் நிறுவனங்கள் போஃபர்ட் கடலைத் துளையிட வந்துகொண்டிருந்த காலத்தில், யாருடைய நிலத்தில் யார் தோண்டுகிறார்கள் என்று கேட்க அங்குள்ள மக்கள் ஓர் அமைப்பை நிறுவியபோது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த அமைப்பு நடத்திய பேச்சுவார்த்தை 1984-இல் நில ஒப்பந்தமாக முடிந்தது. ஏறத்தாழ 91 ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தின் உரிமை இனுவியாலுயிட் மக்களுக்கு வந்தது.

1979-இலிருந்து 1995 வரை கோர்னோயே தொடர்ந்து உறுப்பினராக இருந்தார், அமைச்சரானார், 1991-இல் சக உறுப்பினர்கள் அவரை ஆட்சித் தலைவராக்கினார்கள். கனடாவில் ஒரு மாகாணத்தையோ ஆட்சிப்பகுதியையோ தலைமையேற்று நடத்திய முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான். ஆட்சிப்பகுதியை இரண்டாகப் பிரித்து நுனாவுட்டை உருவாக்கும் ஒப்பந்தமும் சட்டமும் 1993-இல் நிறைவேறியது அவர் பதவியிலிருந்த காலத்தில். பாதிக்கும் மேற்பட்ட நிலத்தைத் தம் ஆட்சியிலிருந்து பிரித்துக்கொடுக்கும் ஏற்பாட்டுக்குத் தலைமை தாங்குவது எந்த அரசியல்வாதிக்கும் எளிதல்ல. பதவி முடிந்ததும் அவர் ஒட்டாவாவில் ஒரு நியமனத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அந்த நில ஒப்பந்தத்தின் பயன்களை நிர்வகிக்கும் இனுவியாலுயிட் வட்டாரக் கழகத்துக்கு 1996 முதல் 2016 வரை தலைவராக இருந்தார்.

கட்சி அரசியலில் இப்படி ஒருவர் மேலே வந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் வந்திருந்தால், எண்ணெய் விஷயத்தில் தலைமை என்ன சொல்கிறதோ அதைச் சொல்லித்தான் வந்திருப்பார். ஊருக்கும் தலைமைக்கும் இடையே எந்தப் பக்கம் நிற்பது என்ற இக்கட்டு அவருக்கு நேராததற்கு, அந்த அவையின் அமைப்பும் ஒரு காரணம்.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017 நவம்பரில் நுனாவுட் உறுப்பினர்கள் பால் குவாசாவை முதல்வராக்கினார்கள். 2018 ஜூனில் அதே உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்கிவிட்டு, ஜோ சவிக்காடாக்கை அமர்த்தினார்கள். ஏற்றியதிலும் இறக்கியதிலும் வாக்காளருக்குப் பங்கு இல்லை. முதல்வரைத் தேர்ந்தெடுக்க நடப்பது இரகசிய வாக்கெடுப்பு. தம் ஊர் உறுப்பினர் யாரை ஆதரித்தார் என்பது ஊருக்கே தெரியாது. எல்லா உறுப்பினரும் கூடும் குழுக்கூட்டமும் மூடிய கதவுக்குப் பின்னால்தான். கொள்கைத் திட்டம் ஒன்றைப் பார்த்து ஓட்டுப்போடும் வாய்ப்பும் வாக்காளருக்கு இல்லை. நல்ல மனிதரா என்று பார்த்துப் போடலாம், அவ்வளவுதான். தவிர, ஆளுக்கு ஆள் தம் ஊர் லாரியையே பேசிக்கொண்டிருந்தால் ஆட்சிப்பகுதி முழுமைக்குமான கணக்கை யார் பார்ப்பது? ஊர்ப்பற்றுக்கும் குறுகிய பார்வைக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. இன்னொரு குறையும் உண்டு: 1999-இல் கூடிய முதல் அவையின் 19 உறுப்பினர்களில் பெண் ஒரே ஒருவர். தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரைத் தேர்ந்தெடுக்கும் அருமையான யோசனையை 1997 வாக்கெடுப்பில் மக்களே நிராகரித்திருந்தார்கள்.

ஆனால் இந்த நோய்களுக்குக் கட்சி மருந்தாகுமா? மேற்கே யூகோன் ஆட்சிப்பகுதி 1978 தேர்தலிலிருந்து கட்சிகளை ஏற்றுக்கொண்டது. அங்கே சாலை எட்டாத ஊர் ஓல்டு குரோ. அதுவே தனித் தொகுதி. 2021 தேர்தலில் அங்கே லிபரல் கட்சி அமைச்சரும் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஆளுக்கு 78 வாக்குகள் பெற்றனர். சீட்டுக் குலுக்கிப் புதிய ஜனநாயகக் கட்சிக்காரர் வென்றார். அவையில் மூன்று கட்சிகள் 8, 8, 3 இடங்கள் என்று நின்றன. அந்தச் சீட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும், அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பது பின்னுக்குப் போயிருக்கும். எந்தக் கட்சியின் கணக்கில் அந்த இடம் சேரும் என்பதுதான் பேச்சாகியிருக்கும். நுனாவுட்டில் இது இன்னும் மோசமாகும். கட்சி நடத்தப் பணம் வேண்டும். விமானத்தில் மட்டுமே போகக்கூடிய 25 ஊர்களில் கட்சி நடத்த நிறையவே வேண்டும். கனிமப் பொறுப்பு கைமாறும் நேரத்தில் அவ்வளவு பணத்தை யாரால் எடுத்துக் கொடுக்க முடியும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

குவாசா விவகாரத்தின் குறை, உறுப்பினர்கள் முதல்வரை இறக்கியதில் இல்லை. இறக்க முடியும் என்பதுதான் அந்த அவையின் பலம். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஒருவரை அப்படி அசைக்க முடியுமா? நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அவர்கள் வெளிப்படையாக, அவையிலேயே நடத்தினார்கள். இறக்குவதற்கு இருக்கும் வெளிச்சம் ஏற்றுவதற்கு ஏன் இருக்கக்கூடாது என்பதுதான் நம் கேள்வி. முதல்வர் வேட்பாளர்களின் உரையும் அவர்களிடம் கேட்கும் கேள்விகளும் இப்போதே எல்லாரும் பார்க்கும்படி நடக்கின்றன. வாக்குச் சீட்டு மட்டும் மறைக்கப்படுகிறது. வாக்களிக்கும் குடிமகனுக்கு இரகசியம் உரிமை. அவருடைய வாக்கை வாங்கி வந்தவருக்கு அது உரிமை ஆகாது. முதல்வருக்கும் அமைச்சர்களுக்கும் நடக்கும் வாக்கெடுப்பில் யார் யாருக்குப் போட்டார் என்பது வெளியிடப்பட வேண்டும். மூடிய குழுக்கூட்டத்தில் என்ன விவாதிக்கப்பட்டது, எந்த முடிவு எடுக்கப்பட்டது என்ற குறிப்பாவது அந்த வாரமே மக்களுக்குக் கிடைக்கவேண்டும். யாரை ஆதரித்தோம் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லவேண்டியிருந்தால், ஏன் ஆதரித்தோம் என்றும் சொல்லவேண்டி வரும். கொள்கைத் திட்டம் அங்கிருந்துதான் பிறக்கும்.

அடுத்து ஒட்டாவா. நுனாவுட் அரசின் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மத்திய நிதியில்தான் நடக்கிறது. கனிம வருவாய் வரப்போகிறது என்பதைச் சாக்காக வைத்து, வீடுகளுக்கும் நீர்க்குழாய்களுக்கும் தரவேண்டியதைக் குறைக்க நாளை ஒரு கை நீளலாம். சுரங்க வருவாய் உலோக விலையோடு ஏறி இறங்கும். குடிநீர் லாரி தினமும் ஓடியாகவேண்டும். டொரோண்டோவிலும் மொன்றியலிலும் வாக்களிக்கும் தமிழர்கள், அடுத்து வீட்டு வாசலுக்கு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்கவேண்டும். நுனாவுட் முழுமைக்கும் அந்த நாடாளுமன்றத்தில் இருப்பது ஒரே ஓர் இடம். நம் வாக்குகள் இருக்கும் தொகுதிகள் பல.

வாக்கெடுப்பை வெளிப்படையாக்கும் தீர்மானத்தை 2027 ஏப்ரலுக்கு முன்பே இக்காலுயிட்டில் நிறைவேற்றிவிடலாம். 22 பேரில் யார் வேண்டுமானாலும் அதைக் கொண்டுவரலாம். எந்தக் கட்சித் தலைமையிடமும் அவர் அனுமதி கேட்கவேண்டியதில்லை.