துடைக்காதே, காயவிடு!



லேத்தில் வேலை முடிந்ததும் சுருள் சுருளாய்க் கிடக்கும் இரும்புத்தூளைப் பிரஷ்ஷால் தள்ளி, எண்ணெய் விட்டால்தான் ஒர்க்‌ஷாப்பை விட்டு நம்மை வெளியே விடுவார்கள். இரும்புக்கு இத்தனை மரியாதை! ஆனால், மனிதனின் நுரையீரலுக்கே மருந்தை அனுப்பும் கருவிகள் பல வீடுகளில் இருக்கின்றனவே, அவற்றை யார் கவனிக்கிறார்கள்? ஆஸ்துமாக்காரர்களின் நெபுலைசரையும், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசரையும்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. பேரனின் ஸ்பேசரைக் கழுவியதும் முந்தானையாலேயே பளபளவென்று துடைத்து வைப்பார். "ஈரம் இருந்தா ஆகாதுல்ல தம்பி?" என்பார். அன்பில் குறையில்லை. ஆனால் பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் என்ன ஆகும்? பள்ளியில் சீப்பும் காகிதத் துண்டும் வைத்துப் பார்த்தோமே, அந்த நிலைமின்சாரம்தான்! மருந்துத் துளிகள் பிள்ளையின் நெஞ்சுக்குப் போகாமல் ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்தும் வீண், மூச்சுத் திணறலும் தீராது.

செய்ய வேண்டியது சுலபம். பாகங்களைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உதறி, நிமிர்த்தி வைத்துத் தானாகக் காயவிட வேண்டும். சோப்பின் மெல்லிய படலம் நிலைமின்சாரத்தைக் குறைக்கிறது. வாய் வைக்கும் பகுதியை மட்டும் சோப்புப் போகத் துடைத்தால் போதும்.

நெபுலைசரின் சங்கதி வேறு. கம்ப்ரஸர் காற்று சிறு துளை வழியே பாய்ந்து மருந்தை உறிஞ்சித் தெறிக்கச் செய்கிறது. நாம் படித்த வெஞ்சுரி தத்துவமேதான். அந்தத் துளிகள் 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். நம்ம மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர், அதில் பாதி! துளையில் மருந்து காய்ந்து அடைத்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். கோப்பையை ஈரத்தோடு மூடி வைத்தாலோ, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறி, அடுத்த முறை மருந்தோடு நேரே நெஞ்சுக்குள் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் கோப்பையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். குழாய்க்குள் ஈரம் தெரிந்தால் கோப்பையைக் கழற்றிவிட்டு மெஷினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் காற்றே உலர்த்திவிடும். மோட்டார் உள்ள பெட்டி மேல் தண்ணீர் படவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்க வேண்டும்.

"இதெல்லாம் டாக்டர் வேலைப்பா, நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். மருந்தின் அளவு டாக்டர் வேலை. கழற்றிப் பூட்டுவது நம் வேலையில்லையா? பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஆங்கிலத் தாள் ஒன்று இருக்கும். பாட்டி அதை எப்படிப் படிப்பார்? கருவியை விற்பவர்கள் தமிழிலும் தாள் தர வேண்டும் என்று கேட்பது நியாயமே. அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? ஒரு பக்கத்தில், படத்தோடு, பெரிய எழுத்தில் நம் மாணவர் மன்றமே அச்சடித்துக் கொடுக்கலாமே! ஒவ்வொரு மாடலுக்கும் சிறு மாற்றம் இருக்கும்; அதற்கேற்ப அந்த ஆங்கிலத் தாளை வீட்டாருக்குப் படித்துச் சொல்வதும் நம்மால் ஆகிற காரியம்தானே?

சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே அது மூச்சும் கொடுக்கும். டிப்ளமோ கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் நண்பர்களே. இந்த விடுமுறையில் பக்கத்து வீட்டிலிருந்தே தொடங்குவோம்!