ஈமெயில் அனுப்பினார்களாம், பார்க்காதது நம் பிழையாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலகத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டு தேத்தண்ணிக்கு எழும்பிப் போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. உயர்தரம் முடித்துவிட்டு ஓரிடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வெள்ளி பின்னேரம் ஈமெயிலில் போயிருக்கிறது. நேர்முகம் திங்கள் காலை 9 மணிக்கு. அவளுக்கென்று தனியாக போன் இல்லை. வீட்டில் நானா வாங்கி வைத்த டெஸ்க்டொப் ஒன்றுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, தம்பி அதில் பாடம் செய்தான். மணியும் அடிக்கவில்லை, திரையின் மூலையில் அறிவிப்பும் வரவில்லை. திங்கள் பின்னேரம் திறந்து பார்த்தபோதுதான் கடிதம் இருந்தது. உம்மா கோல் எடுத்துக் கேட்டதற்கு வந்த பதில்: "இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ஈமெயில் பார்க்கத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். விண்ணப்பப் படிவத்தில் உம்மாவின் போன் இலக்கமும் இருந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் அது. எதற்காகக் கேட்டு வாங்கினீர்கள்?

கணினி ஏன் சத்தம் போடவில்லை என்பதைச் சொல்கிறேன். ஜிமெயிலைப் பிரவுசரில் பாவிப்பவர்களுக்கு, ஜிமெயில் திறந்திருந்தால்தான் அறிவிப்பு வரும். அதுவும் ஜிமெயில் செட்டிங்ஸில் டெஸ்க்டொப் அறிவிப்பு என்ற இடத்தில் நாமே போய் இயக்கியிருக்க வேண்டும். 'முக்கியமானவை மட்டும்' என்று இருந்தால், எது முக்கியம் என்பதைத் தீர்மானிப்பது கூகுள். உங்கள் பிள்ளையின் வேலை அதற்கு முக்கியமா இல்லையா, யாருக்குத் தெரியும்? இன்பொக்ஸ் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தால் முதல் பகுதிக்கு வருவதற்கு மட்டும்தான் அறிவிப்பு. அடுத்து குரோம் அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே விண்டோஸ் இருக்கிறது. 'தொந்தரவு செய்யாதே' இயங்கினால் எல்லாம் ஊமை. திரையை புரொஜெக்டரில் அப்படியே காட்டும்போது விண்டோஸ் தானாகவே ஊமையாகிவிடும் ஏற்பாடும் உண்டு. ஸ்மார்ட் போர்டில் நாள் முழுக்கக் கொழுவியிருக்கும் பாடசாலைக் கணினிகளை நினைத்துப் பாருங்கள். அவுட்லுக் என்றால் இன்னொரு கதை: ரூல் போட்டு வேறு ஃபோல்டருக்குப் போகும் கடிதத்துக்கு வழக்கமான அறிவிப்பு வராது.

இதில் ஒரு வாசல் மூடினாலும் போதும், சத்தம் வராது. எல்லாம் திறந்திருந்தும் வராத சந்தர்ப்பமும் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. விளையாட்டுப் போட்டி வீடியோக்களால் அது நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் உள்ளேயே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அனுப்பியது 'பதிலளிக்க வேண்டாம்' முகவரியாக இருந்தால்? திரும்பி வந்த கடிதத்தை அங்கே பார்க்க ஆளில்லை. அவர்களுடைய கணக்கில் நமக்கு 'அறிவித்தாயிற்று'.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் நம்மிடம் உண்டு. ஒப்பந்தங்களில் இலத்திரனியல் தொடர்பாடல் பற்றிய ஐநா சமவாயத்தை 2015இல் இலங்கை ஏற்று, 2017இல் அதற்கேற்ப அந்தச் சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சமவாயத்தின்படி, நாமே குறித்துக் கொடுத்த முகவரிக்கு வந்த கடிதம், நம்மால் எடுத்துப் பார்க்கக்கூடிய நேரத்திலேயே கிடைத்ததாகக் கொள்ளப்படும். மணி அடித்ததா, கண்ணில் பட்டதா என்பது கணக்கில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி நாம் வாதாட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி வியாபாரிகளின் ஒப்பந்தங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆளுக்கு ஆள் மெயில் பார்க்க குமாஸ்தா வைத்திருப்பவர்களின் உலகம் அது. ஜிந்துப்பிட்டியில் ஐந்து பேருக்கு ஒரு கணினி இருக்கும் வீட்டுக்கும் அதே அளவுகோலா?

"கவனமாக இருக்க வேண்டும்" என்று உபதேசிப்பவர்களுக்கு 2023ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடம் அரசாங்கத்தின் கிளவுட் ரேன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஜிஓவி டொட் எல்கே மின்னஞ்சல் பாவித்த கிட்டத்தட்ட 5,000 கணக்குகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. ஓடியதோ எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற காலாவதியான மென்பொருள். மூன்று மாதக் கடிதங்களைத் தொலைத்த நாட்டில், இரண்டு நாள் ஒரு கடிதத்தைக் காணாத பிள்ளைக்கு மன்னிப்பு இல்லை. நல்ல நியாயம்!

பதிவுத் தபால் காலத்தில் தபாற்காரர் வாசலில் நின்று கையெழுத்து வாங்குவார். ஆளில்லாவிட்டால் துண்டு வைத்துவிட்டுப் போவார். கிடைத்ததா என்று உறுதிசெய்வது அனுப்புகிறவரின் பக்கத்து வேலையாக இருந்தது. ஈமெயில் வந்ததும் முத்திரைக் காசு மிச்சம், அந்த வேலையும் மிச்சம். பாரம் முழுவதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து மெயில் பார்க்கும் சனத்தின் தலையில். அதிலும் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால், வாசித்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டும்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. திகதி குறித்த எந்தக் கடிதமானாலும் கூடவே ஒரு எஸ்எம்எஸ். ஐந்து வேலைநாள் அவகாசம். பதில் வராவிட்டால் ஒரு கோல். நேர்முகத்துக்குக் கூப்பிடும் இருபது பேருக்கு கோல் எடுக்க ஒரு மணித்தியாலம் கூடப் போகாது.

அதுவரை, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பெற்றோர் கடைசிப் பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள்: "அழைப்பு விடுத்தால் தயவுசெய்து மேற்படி தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவிக்கவும்." ஒரு பிரதியையும் எடுத்து வையுங்கள். ஜிமெயில் அறிவிப்பைச் சரிசெய்யத் தெரியாதவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். இஷாவுக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன்.