சுத்துது... ஆனா பத்தல!

சேலமோ, ராசிபுரமோ, திருச்செங்கோடோ... எந்த ஊர் ஹாஸ்டல் வாசலா இருந்தாலும் காலையில காட்சி ஒண்ணுதான். பட்டனை அமுக்கினா ‘கிர்ர்... கிர்ர்...’னு என்ஜின் சுத்தும், ஆனா உயிர் வராது. உடனே நம்மாளு என்ன பண்ணுவாரு? விடாம அமுக்குவாரு! அஞ்சு நிமிஷத்துல பேட்டரியும் படுத்துடும். இருந்த ஒரு பிரச்னை இப்போ ரெண்டு.

கொஞ்சம் நிறுத்துங்க பாஸ். என்ஜின் நல்லா சுத்துதுன்னாலே பாதி நல்ல சேதி. பேட்டரியில தெம்பு இருக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்யுது. சுத்தறது ஒரு வேலை, பத்தறது வேற வேலை. அமெரிக்காவோட சார்லஸ் கெட்டரிங் இந்த ரெண்டையும் காடிலாக் கார்களுக்குத் தனித்தனியாத்தான் செஞ்சு கொடுத்தாரு. பேட்டரி இக்னிஷன் 1910 மாடல்ல வந்துச்சு, செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல்ல.

பெட்ரோல் என்ஜின் பத்தணும்னா மூணு வேணும். காத்தோட கலந்த பெட்ரோல், அதை இறுக்கி அமுக்கற கம்ப்ரஷன், சரியான நேரத்துல ஒரு தீப்பொறி. இதுல எது வரலைன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை. காசு செலவில்லாத சோதனையில இருந்து ஆரம்பிப்போம்.

கண்ணு: கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கா? ஃப்ரெண்டு யாராவது விளையாடியிருக்கலாம். சைடு ஸ்டாண்ட் எடுத்தாச்சா? அது இறங்கியிருந்தா சில புது வண்டிங்க ஸ்டார்ட் ஆகாது. டேங்க்ல பெட்ரோல் இருக்கா? பழைய வண்டின்னா பெட்ரோல் டேப் ஆன்ல இருக்கா?

காது: 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 விதி வந்தப்புறம் பெரும்பாலான பைக்குல கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. அதுல சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் ‘ஸ்ஸ்...’னு ரெண்டு மூணு செகண்ட் சத்தம் கேக்கணும். அதுதான் பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லைன்னா முதல்ல ஃப்யூஸைப் பாருங்க.

மூக்கு: சைலன்ஸர் பக்கம் பெட்ரோல் வாடை குப்புனு அடிச்சா, உள்ள பெட்ரோல் ஜாஸ்தியாகி பிளக் நனைஞ்சிருக்கும். கொஞ்ச நேரம் ஆற விடுங்க. கார்புரேட்டர் வண்டின்னா சோக்கை எடுத்துட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா திருகிக்கிட்டு நாலு உதை விடுங்க.

பிளக்: என்ஜின் ஆறினதும் கழட்டிப் பாருங்க. எவ்வளவு சுத்தியும் காய்ஞ்சே இருந்தா பெட்ரோல் வந்து சேரல. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, தீப்பொறி மேலதான் சந்தேகம். கரி அப்பியிருந்தா சுத்தம் பண்ணுங்க. மழை நாள்னா பிளக் கேப்பைத் துடைச்சுப் பாருங்க. பெட்ரோல் வாடை அடிக்கற இடத்துல தீப்பொறி சோதனை மட்டும் வேண்டாம். அதை மெக்கானிக் பாத்துக்கட்டும்.

எதுக்கும் ஒரே மூச்சுல அஞ்சு செகண்டுக்கு மேல பட்டனை அமுக்காதீங்க. இடையில கொஞ்சம் ஓய்வு கொடுங்க.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டற அண்ணன்கள் கிட்ட இதையே கேட்டா பதில் வேற மாதிரி வரும். ஏன்னா டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இறுக்கி அமுக்கின காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். டீசல் சுத்தமா தீர்ந்துட்டா குழாய்க்குள்ள காத்து புகுந்துக்கும். அப்புறம் டேங்க் நிறைய ஊத்தினாலும் வண்டி சுத்துமே தவிர பத்தாது. ‘ஏர் புடிச்சிருச்சு’ம்பாங்க. பழைய லாரின்னா ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அமுக்கி, குமிழி நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் காத்தை வெளியேத்துவாங்க. பேட்டரியை மாத்த ஓட மாட்டாங்க!

உங்களுக்கும் இதேதான். மெக்கானிக் கிட்ட ‘ஸ்டார்ட் ஆகலண்ணா’ன்னு மட்டும் சொன்னா அவரு முதல்லேருந்து தேடணும். ‘நல்லா சுத்துதுண்ணா, பம்ப் சத்தம் வருது, பிளக் நனைஞ்சிருக்கு’ன்னு சொல்லிப் பாருங்க, நேரா விஷயத்துக்கு வந்துடுவாரு. பிளக், காயில், பேட்டரின்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்து, வீட்டுல அனுப்பின மாசக் காசு கரையாது. எதை மாத்தச் சொன்னாலும் ‘எதனாலண்ணா?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

டூல்கிட்ல பிளக் ஸ்பேனர் இருக்கான்னு இன்னிக்கே பாத்துடுங்க. செமஸ்டர் அன்னிக்குத் தேட வேண்டாம்!